அவித்த விதை

“இன்னிக்கு நீ அந்த விமானத்துல ஏறினா, அப்புறம் என் வீட்டுப் படி ஏறக்கூடாது. சொல்லிட்டேன்!”

விமான ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்தினார் மாமனார். கல்குவாரி முதலாளி.

“பின்வாசல் வழியா வந்துக்கறேன் மாமா” என்றாள் மருமகள், எஞ்சின் ஆயிலைச் சரிபார்த்துக்கொண்டே. அந்தச் சின்ன விமானத்தின் விமானி அவள்.

குவாரி தின்றது போக மிச்சமிருந்த மொட்டை மலையில் மர விதை தூவ வேண்டும். மேகம் திரண்டு நின்றது. இந்த மழையில் முளைத்தால் மலை பிழைக்கும். முளைக்காவிட்டால், குவாரியை நீட்டிக்க மாமனாருக்கு அனுமதி கிடைத்துவிடும்.

“உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியே!”

“அந்த வீட்டுச் சுவரே உங்க வெடியில விரிசல் விட்டுடுச்சு மாமா.”

“ஒரு கூலியாளும் இந்த ஷெட் பக்கம் தலைகாட்டக் கூடாதுன்னு தடுத்து வெச்சேன். அப்பவும் அடங்கலையே நீ!”

“நானும் ஸ்பேனர் அண்ணனும் போதும்.”

ஸ்பேனர் என்கிற மெக்கானிக் முதல் மூட்டையைத் தூக்கியவர் திடுக்கிட்டார். “மேடம், மூட்டையெல்லாம் ஈரம்!”

மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். “நேத்து ராத்திரி என் ஆளுங்க அண்டா அண்டாவா தண்ணி கொதிக்க வெச்சு, அத்தனை விதையையும் முக்கி எடுத்துட்டாங்க. அவிச்ச விதை முளைக்குமாம்மா? இப்ப போ. தாராளமா பற!”

அவள் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். விதைகள் உப்பியிருந்தன. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தொட்டியில கொட்டுங்கண்ணே.”

“இதையா மேடம்?”

“அவிச்சதோ பொரிச்சதோ, தூவாம இறங்க மாட்டேன்.”

“வீம்புக்குன்னே பொறந்தவ!” மாமனார் கையசைத்தே வழியனுப்பினார்.

விமானம் மலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசி விதையும் விழுந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. ஷெட்டில் ரேடியோ கரகரத்தது.

“தொட்டி காலி அண்ணே. மாமா இருக்காரா?”

“இருக்காரு மேடம். சிரிப்பு இன்னும் நிக்கல.”

“மாமா, இந்த விதையோட ஓடு கல்லு மாதிரி. வெந்நீர்ல முக்கினாதான் உடனே முளைக்கும். இல்லேன்னா வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். முக்க ஆளில்லாம தவிச்சுக்கிட்டிருந்தேன். கூலியாளைத் தடுத்த நீங்களே உங்க ஆளுங்களை அனுப்பி, ஒரு மூட்டை விடாம செஞ்சு கொடுத்துட்டீங்க. இதோ இறங்கிடறேன். வாசல் வழியாவே வீட்டுக்கு வரேன்!”