வெள்ளை மூலை

"இன்னும் ஒரு மணி நேரம்தான்டி சாஜிதா! நீ ஸ்கிரீனைக் கழுவிக் காயவை. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஓடி வந்துடறேன். துணியில மை இறங்கறதை அம்மா பார்க்கணும்!"

கலைமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கடை முழுக்கச் சாவியைத் தேடினாள். சாஜிதாதான் சிரித்துக்கொண்டே அவள் கையைக் காட்டினாள்.

இரண்டு பேரும் சேர்ந்து தஞ்சாவூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணத் தாம்பூலப் பை. மனசுக்குத் துணி ஓவியம். போட்டோவைக் கம்ப்யூட்டரில் இஷ்டத்துக்கு மாற்றி ஆளுயரத் துணியில் அச்சடிப்பார்கள். அதைப் பார்க்கத்தான் சென்னையிலிருந்து இளஞ்செழியன் வருகிறார். பெரிய கண்காட்சி நடத்துகிறவர். ஆனால், இரண்டு பேரில் ஒருவருடைய துணியைத்தான் எடுத்துப் போவார்.

சாஜிதாவுடையது, நாகூர்க் கடலில் அலைக்குப் பதில் மினாராக்கள் எழும்பும் படம். முடித்துச் சுவரில் மாட்டியாயிற்று.

கலைமகளுடையது, திருவையாற்றுப் படித்துறையில் ஆடிப்பெருக்குக் கூட்டம். மேல்படியில் ஏறி நின்று எடுத்தது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நாற்றை நட்டுவிட்டாள். பெண்கள் இடுப்பளவு நாற்றில் முங்கிக் குளித்தார்கள்! நிழலில் நிற்பவர்களில் ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாதென்று வெளிச்சத்தையும் தாராளமாக ஏற்றிவிட்டிருந்தாள்.

பூதலூரிலிருந்து பட்டுப்புடவையோடு வந்து இறங்கிய அம்மா ஈஸ்வரி, கடைக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அன்னைக்கு சாஜிதாவையும் சேர்த்து நாம மூணு பேருமாத்தானே போனோம்! சித்திரான்னம்லாம் கட்டிக்கிட்டு... நான் இருக்கேனாடி படத்துல?"

"அவ்வளவு கூட்டத்துல எனக்கென்னம்மா தெரியும்? நீயே தேடிக்க!"

நாற்றுக்குப் பச்சை நேற்றே அடித்தாயிற்று. மிச்சம் கறுப்புதான். கறுப்பு விழுந்தால்தான் ஆட்களுக்கு மூக்கும் முழியும் வரும். தோழிகள் இரண்டு பேரும், படம் பதிந்த வலைச் சட்டமான ஸ்கிரீனைத் துணிமேல் வைத்தார்கள். கலைமகள் மையை ஊற்றி, ரப்பர் கட்டையை இரண்டு கையாலும் அழுத்தி இழுத்தாள். ஸ்கிரீனைத் தூக்கினாள்.

"வந்துடுச்சு! அம்மா, வந்துடுச்சும்மா! பாரேன் எப்படிச் சிரிக்கறாங்கன்னு!"

குதித்தவள் பாதியில் நின்றாள். வலது மூலையில் ஒரு முறம் அளவுக்கு வெறும் வெள்ளைத் துணி.

ஸ்கிரீனைத் திருப்பிப் பார்த்தாள். அந்த மூலையில் மட்டும் மை இறங்காதபடி எமல்ஷன் பசை பூசி அடைத்திருந்தது.

"கழுவறப்ப அங்க பிசிறாயிடுச்சு. அதான் அடைச்சுட்டேன்" என்றாள் சாஜிதா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பிசிறா? ஸ்கேல் வெச்சு அடைச்ச மாதிரி இருக்கு. வேணும்னேதானே பண்ணே?"

சாஜிதா ஈஸ்வரியை ஒரு பார்வை பார்த்தாள்.

"சொல்லுடி! உன்னோடது சென்னைக்குப் போகணும், என்னோடது இங்கேயே கிடக்கணும். அதானே?"

ஈஸ்வரிக்கும் பொறுக்கவில்லை. "என் கையால சாப்பிட்டவதானே நீ? கூட இருந்துக்கிட்டே குழி பறிக்கலாமாம்மா? இப்படி ஒரு பொறாமையா?"

சாஜிதாவின் கண் நிறைந்துவிட்டது. சுவரிலிருந்த தன் துணியைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தாள்.

"என்னோடதை நான் காட்டலடி. உன்னோடதை மட்டும் காட்டு."

"போதும், நடிக்காதே!"

வாசலில் கார் வந்து நின்றது. மறுபடி ஸ்கிரீன் போட நேரமில்லை. கலைமகள் ஆத்திரத்தோடு லேப்டாப்பைத் திறந்தாள்.

"இதுல முழுப் படமும் இருக்கு. அந்த மூலையில என்ன இருந்துச்சுன்னு பெருசு பண்ணி சார்கிட்டயே காட்டறேன். இவ பண்ணினதையும் சொல்றேன்!"

இத்தனை நாளும் நாற்று நடுகிற மும்முரத்தில் அந்த மூலையை அவள் பெரிதாக்கிப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். அடுத்த நொடி லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

"என்னடி? நான் இருக்கேனா அதுல?" என்று ஆவலாக எட்டிப் பார்த்தாள் ஈஸ்வரி.

"இல்லம்மா... யாரும் இல்ல."

இளஞ்செழியன் உள்ளே வந்தார். நேராகத் துணிக்கு முன்னால் போய் நின்றார்.

"அட! நாத்துல குளிக்கறாங்க! பிரமாதம்மா! ஆனா இந்த மூலை ஏன் வெள்ளையா இருக்கு? இன்னும் முடியலையா?"

"முடிஞ்சுடுச்சு சார். அது அப்படித்தான் இருக்கணும். அந்த மூலையைச் செஞ்சது இவதான்." கலைமகள் சாஜிதாவைக் காட்டினாள். "இவளோடதையும் பாருங்க சார். கூச்சப்பட்டு மடிச்சு வெச்சிருக்கா. முதல்ல அதைப் பாருங்க!"

சொல்லிவிட்டு, மை அப்பிய கையால் சாஜிதாவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

மூடிய லேப்டாப்புக்குள், படித்துறைச் சுவரோரம், ஈஸ்வரி குளித்துக் கரையேறி ஈரப் புடவையை மாற்றிக்கொண்டிருந்தது மேல்படியிலிருந்து அப்பட்டமாகத் தெரிந்தது. அவளுக்கு மறைப்பாக ஒரு புடவையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தவள் சாஜிதா.