சொல்லாமல் விட்டது

அமீரகம் தனி நாடாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. சைட்டில் செம்பு ஒயர் திருடியதாகப் பிடிபட்ட வேலுச்சாமிக்காக நீதிமன்றத்தில் மொழிபெயர்த்து அரபி பேசியவர் சேதுமாதவன்.

“ஃபோர்மேன் எடுத்துட்டு வரச் சொன்னாருங்க, அதான் எடுத்தேன்,” என்றார் வேலுச்சாமி.

அந்த ஃபோர்மேனுக்கும் சேதுமாதவனுக்கும் விசா கொடுத்த கஃபீல் ஒருவரே. தன் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ‘எடுத்தேன்’ என்பதை மட்டும் அவர் அரபியில் சொன்னார். ஆறு மாதம் சிறை என்று தீர்ப்பானது. நான்காம் மாதம் வேலுச்சாமி சிறையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். சவப்பெட்டியை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பியவரும் சேதுமாதவன்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை சிறைக் காவலர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“உங்க ஆள் ஒருத்தன் ஏதோ கேக்கறான். எனக்குப் புரியலை.”

கம்பிகளுக்குப் பின்னால், பெட்டியில் ஊருக்குப் போன அதே வேலுச்சாமி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் பாதி தின்ற ரொட்டி இருந்தது.

“சார், ஃபோர்மேன் சொல்லித்தான் எடுத்தேன்னு அன்னைக்கு ஜட்ஜுகிட்ட சொல்லிட்டீங்கல்ல?”

சேதுமாதவன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“சொல்லிட்டேன்ப்பா.”

“அப்ப அவருதான் நம்பலை போலருக்கு. உங்க மேல குத்தம் இல்லைங்க சார்.” வேலுச்சாமி கும்பிட்டார்.

“என்ன கேக்கறான்?” என்றார் காவலர்.

“தண்ணி,” என்றார் சேதுமாதவன்.

காவலர் குவளையை நீட்டினார். வேலுச்சாமி வாங்கி, சேதுமாதவனைப் பார்த்தபடியே முழுதும் குடித்தார்.