இழுவைப் பெட்டி

சிமெண்ட் லாரியை ஒட்டி வந்ததும் மாப்பிள்ளை அதை முந்த வண்டியை வெளியே எடுத்தான்.

"மாப்ள, மேடு" என்றேன் பின்சீட்டிலிருந்து.

"மேடுன்னா என்ன மச்சான்? இப்பதான் வண்டி பறக்குதுல்ல."

ஸ்டியரிங்குக்குக் கீழே, அவன் முழங்காலை ஒட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அதில் மூன்று பச்சை விளக்குகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. மாட்டினால் எஞ்சினுக்கு இழுவை கூடும் என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. அவன் பிறந்தநாளுக்கு என் தங்கை கொடுத்தது. விலை, ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசு.

நான் பதினெட்டு வருடமாக எஞ்சின் பிரிக்கிறவன். இந்தச் சாமானைப் பற்றி யார் வந்து கேட்டாலும், அந்தக் காசுக்கு ஏர் ஃபில்டரை மாற்று, மீதியில் பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிப் போ என்பேன்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு பஸ் மாப்பிள்ளையின் வாடகைக் காரை உரசித் தள்ளியது. ஆளுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அதற்கப்புறம் அவன் எதையும் முந்துவதில்லை. மூட்டை கட்டிய சைக்கிளுக்குப் பின்னாலும் ஊர்ந்து போவான். கேட்டால், "வண்டியில இழுவை இல்ல மச்சான்" என்பான்.

மூன்று தடவை பார்த்தேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

ரயிலைத் தவறவிட்டவர்கள், விமானத்தைத் தவறவிட்டவர்கள் என்று புகார் மேல் புகார். இன்னும் ஒன்று வந்தால் உனக்குச் சவாரி கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

பெட்டி வந்த இந்த மூன்று வாரமாகத்தான் ஆள் பழையபடி. புகார் இல்லை. இன்று அவன் அம்மாவைப் பார்க்க எல்லோரையும் அவனே கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறான்.

லாரியின் பின்சக்கரம் என் ஜன்னல் உயரத்துக்குச் சுழன்றது. தங்கை மகள் என் மடியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாலு பேர். டிக்கி கொள்ளாத சாமான். ஏற்றம். என் காது எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. அவன் கால் தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது. அதற்குக் கீழே மிதிக்க ஒன்றும் மிச்சமில்லை.

மேட்டின் உச்சியில் ஒரு பஸ்ஸின் கூரை தெரிந்தது. அப்புறம் கண்ணாடி. அப்புறம் டிரைவர் போட்டிருந்த சட்டையின் நிறம்.

"பின்னால வாங்கிரு மாப்ள!"

"ஏறிரும் மச்சான், ஏறிரும்!"

கியருக்குப் போக வேண்டிய கை ஸ்டியரிங்குக்குக் கீழே போனது. பெட்டியிலிருந்த பொத்தானை அமுக்கினான். அவசரத்துக்கு அமுக்கவும் என்று அட்டையில் எழுதியிருந்த பொத்தான்.

பச்சை விளக்குகள் சிவப்பாயின.

நான் குழந்தையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

லாரிக்காரன் பிரேக்கை மிதித்தான். காற்றுச் சீறல் கேட்டது. அவன் விட்ட சந்தில் எங்கள் வண்டி போய் விழுந்தது. பஸ் எங்கள் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டுப் போனது.

பின்னால் லாரிக்காரன் ஹாரனிலேயே எங்கள் பரம்பரையைத் திட்டிக்கொண்டு வந்தான்.

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான்.

"பாத்தியா மச்சான்? இந்தப் பெட்டி மட்டும் இல்லன்னா இன்னைக்கு நாலு பேரும் காலி. நீ என்னமோ குப்பை குப்பைங்கிற. பெரிய மெக்கானிக்கு!"

எட்டு மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஓடியது.

முன்சீட்டிலிருந்த தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. சொல் என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா, தெரியவில்லை.

போன மாதம் பட்டறைக்கு வந்து நின்றபோதும் அவள் முகம் இப்படித்தான் இருந்தது.

"இழுவை கூட்டுற பெட்டின்னு விக்கிறாங்களாமே, அதுல ஒண்ணு வேணும்ணே. ஆனா வண்டிய அது ஒண்ணுமே பண்ணக் கூடாது. அவரு நம்பினாப் போதும்."

நான்தான் கடைவீதியில் நாலு தினுசு வாங்கினேன். நாலையும் பிரித்தேன். மூன்று விளக்கும் ஒரு பொத்தானும் தவிர உள்ளே எதுவுமே இல்லாத ஒன்றைப் பொறுக்கி, பிரித்தது தெரியாமல் ஒட்டி, அவள் கையில் கொடுத்தேன். வீட்டில் அவன் அதைக் காட்டியபோது, சந்தேகம் வரக் கூடாதென்று குப்பை என்று நாலு வார்த்தை திட்டியும் வைத்தேன்.

மாப்பிள்ளை முன்னால் அடுத்த லாரியைப் பார்த்துவிட்டான். கால் மறுபடி அழுந்தியது.

"மாப்ள, வண்டிய ஓரமா நிறுத்து. ஒண்ணு சொல்லணும்."

தங்கை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன மச்சான், பயந்துட்டியா? கவலைப்படாத, உன் வண்டிக்கும் ஒண்ணு வாங்கித் தரச் சொல்றேன்."

சிரித்துக்கொண்டேதான் ஓரங்கட்டினான்.