ஜெயித்தவர் வீடு

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் கட்சி கிடையாது. அய்யாத்துரைக்குச் சீப்பும், அவரை எதிர்த்து நின்ற கடற்கரைக்குப் பூட்டு சாவியும் சின்னமாகக் கிடைத்தன. ஓட்டுக் கேட்டுப் போன வேனிலேயே ஒரு நாள் கடற்கரை மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டதால் தேர்தல் நிற்கவில்லை. எதிர்க்க ஆளில்லாத அய்யாத்துரை வெடிக்குச் சொல்லி வைத்தார்.

எண்ணி முடித்தபோது ஜெயித்திருந்தவர் கடற்கரை.

"பாவம், செத்த மனுசனுக்கு நம்ம ஓட்டாவது விழட்டுமேன்னு குத்துனேன்" என்று டீக்கடையில் ஆளாளுக்கு அதையே சொன்னார்கள்.

மறுதேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் அய்யாத்துரையின் வாசலைத் தாண்டிக் கடற்கரை வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி வடிவு, கேட்டதையெல்லாம் அவர் படத்தின் முன் நின்று மெல்லச் சொல்வாள். சொன்ன சில நாளில் தண்ணீரும் வந்துவிடும்.

ஊரே புத்தி கெட்டுப்போச்சு என்று சண்டைக்கென்றே ஒரு காலையில் கிளம்பிப் போனார் அய்யாத்துரை. கூடத்தில் காத்திருந்தவர்கள் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்தார்.

"வாங்க அண்ணாச்சி, அவுககிட்ட என்ன சொல்லணும்?" என்றாள் வடிவு.

அவரால் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நானும் அவருக்குத்தான் குத்துனேன்னு சொல்லு தங்கச்சி."

வடிவு படத்தின் பக்கம் திரும்பி அதை மெல்லச் சொன்னாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அய்யாத்துரை பக்கம் திரும்பினாள்.

"அவுகளுக்குத் தெரியுமாம்."