முதல் பிடி

ரேஷன் கடையில் அரிசி திருடி மறுபடியும் பிடிபட்ட வேடியப்பனை விலங்கு மாட்டி, திருத்தணிக் கடைத்தெரு வழியே நடத்திச் சென்றார் ஏட்டு கோதண்டம்.

"எத்தினி தபா உள்ள போனாலும் திருந்த மாட்டியாடா? எப்ப ஆரம்பிச்சே?"

"எட்டு வயசுலங்க. மளிகைக் கடையில ஒரு பிடி அரிசி. அம்மாவுக்காக. அன்னிக்கே திருட்டுப் பையன்னு பேராயிடுச்சு. அப்பால எவனும் வேலைக்கு வெச்சுக்கல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே?"

"கேட்டேங்க. நாளைக்கு வான்னாங்க. அதுவரைக்கும் அம்மா தாங்காதுங்களே."

ஏட்டின் குரல் இறங்கியது. "அவ்ளோ பசியா? கஞ்சி காச்சிக் குடுத்தியா?"

"இல்லீங்க, அடுப்பே மூட்டல." வேடியப்பன் விலங்கிட்ட கைகளைப் பார்த்தபடி சொன்னான். "அம்மா அன்னிக்குக் காலைலயே பசியில செத்துப்போச்சுங்க. வாய்க்கரிசி போடத்தான் எடுத்தேன்."