ஏழு கண்டல் செடிகள்

ஒரு சின்னத் தீவின் கிழக்குக் கரையில் சிவலை என்ற நண்டு குடியிருந்தது. பௌர்ணமிதோறும் கடல் ஏறி வந்து அதன் வளையை மூடிவிடும். அதுவும் இருபதடி உள்ளே தள்ளிப் புது வளை தோண்டும்.

ஒன்பதாம் முறை, முப்பத்தாறு குஞ்சுகளையும் எண்ணி ஓரமாக நிறுத்திவிட்டுத் தோண்டியபோது எதிர்ச்சுவர் பொலபொலவென்று சரிந்தது.

"யாருடி அவ, என் வீட்டை இடிக்கிறவ?" என்று இன்னொரு நண்டு எட்டிப் பார்த்தது.

"கிழக்குக் கரைக்காரி. கடலுக்குப் பயந்து வர்றேன்."

"நான் மேற்குக் கரை. நானும் அதுக்குப் பயந்துதான் வர்றேன்."

சிவலைக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே ஓடி இரண்டு பக்கமும் கடல்வரை அளந்தது. கிழக்கே நாற்பதடி, மேற்கே நாற்பத்தோரடி.

"இன்னும் ரெண்டே பௌர்ணமி. அப்புறம் எங்கடி தோண்டுறது?"

மேற்குக்காரி தயங்கியது. "எங்க கரையில ஏழு கண்டல் செடி வேரால மண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அந்த இடத்துல மட்டும் கடல் ஓரடிகூட ஏறல."

"ஏழுதானா?"

"நூத்துக்கணக்குல முளைச்சது. குருத்து ருசியா இருக்குமே, தின்னுட்டோம். நீங்க?"

"நாங்க ஒண்ணுகூட விடல."

அன்று மாலையே சிவலை குஞ்சுகளோடு போய் அந்தச் செடிகளுக்கு முன்னால் நின்றது. மேற்குக் கரை நண்டுகள் சாப்பாட்டுக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தன. பின்னால் குஞ்சுகள் "பசிக்குதும்மா" என்று குருத்தை அண்ணாந்து பார்த்தன.

சிவலை இரண்டு கொடுக்குகளையும் தூக்கியது. ஒன்று வருகிறவர்கள் பக்கம், மற்றது தன் குஞ்சுகள் பக்கம்.