அடுத்த வீட்டு ஆடி

"ஏட்டி சுருதி, நாளைக்கு ஆடி ஒண்ணு. துணிமணியை எல்லாம் எடுத்து வச்சிட்டியா?"

பால் செம்போடு வாசலில் வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் இப்படிக் கேட்டதும் ஸ்ருதி முழித்தாள். அவள் புருஷன் ராம்சங்கரும் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து வந்தான்.

"எதுக்குக்கா?"

"எதுக்காவா? நல்லா கேட்டே போ! தையில கல்யாணம் ஆன பிள்ளை தலை ஆடிக்குப் புருஷன்கூட இருக்கலாமா? அம்மா வீட்டுக்குப் போயிட்டு ஆவணி பொறந்ததும் வா."

ராம்சங்கருக்குப் பகீர் என்றது.

இருக்காதா பின்னே? சென்னையில் அவனுக்கு நைட் ஷிஃப்ட், அவளுக்குப் பகல் ஷிஃப்ட். லிஃப்டில் பார்த்துச் சிரித்துக்கொள்வதற்குப் பெயர் குடும்பமா? வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதுதான் தாமதம், மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே மேலநீலிதநல்லூர் கிராமத்துக்கு வந்து வாடகைக்கு வீடு பிடித்துவிட்டார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வாழ வந்த இடத்தில் ஒரு மாசம் பிரிவா?

"அக்கா, இதெல்லாம் மூடநம்பிக்கை" என்றான்.

"அப்படியா? முந்தாநாள் மண்பானைத் தண்ணியக் குடிச்சிட்டு 'நம்ம பாரம்பரியம்'னு செல்போன்ல படம் பிடிச்சியளே தம்பி! பானை மட்டும் இனிக்குதாக்கும்?"

"அது வேற, இது வேறக்கா. ஆடியில உண்டானா சித்திரை வெயில்ல பிரசவம் வரும்னு அந்தக் காலத்துல பிரிச்சு வச்சாங்க. இப்பத்தான் ஆஸ்பத்திரியில ஏசி இருக்கே!"

"எங்க கோமதி அம்மனே ஆடியில சாமியைப் பிரிஞ்சு தனியா தவசு இருக்கா. ஒங்க வீட்டுக்காரிக்கு என்ன வந்துச்சாம்?"

ஸ்ருதி மெதுவாகச் சொன்னாள். "எனக்குப் போக இடம் இல்லைக்கா. நாங்களா பார்த்துப் பண்ணிக்கிட்ட கல்யாணம். அம்மா கல்யாணத்துக்கே வரலை. போன் போட்டாலும் எடுக்கிறதில்லை."

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். பிச்சம்மாள் விடுகிற ஆளா?

"எந்த ஊரு ஒங்க அம்மைக்கு?"

"மதுரை."

"மதுரையில எங்கன?"

தெருப் பெயர், வீட்டு அடையாளம் வரைக்கும் கிண்டிக் கிளறிக் கேட்டாள். ஸ்ருதி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இடம் இருக்கோ இல்லையோ, நாளைக்குப் பொழுதடையதுக்குள்ள நீ கிளம்பணும். ஊருன்னா ஒரு முறை இருக்குல்லா!" என்று பாலை ஊற்றிவிட்டுப் பிச்சம்மாள் போய்விட்டாள்.

அன்றைக்கெல்லாம் ஸ்ருதி சாப்பிடவே இல்லை. ராம்சங்கருக்கு ஆத்திரமாக வந்தது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டுப் போகிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா? "சென்னைக்கே போயிடலாம் ஸ்ருதி. அங்க லிஃப்ட்லயாவது நிம்மதியா பார்த்துக்குவோம்" என்றான்.

மறுநாள் காலையில் பால் கொண்டு வந்தது பிச்சம்மாளின் மருமகள் மாரிசெல்வி.

"அத்தை எங்கே?" என்று ராம்சங்கர் கேட்டான்.

"விடியக்கருக்கல்லயே பஸ் ஏறிட்டாவ. எங்கனன்னு சொல்லலை."

"ஏட்டி செல்வி, தோசை ஆறுது, வா! நீ இல்லாம எனக்கு எறங்குமா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து அவள் புருஷன் இசக்கிராஜா கூப்பிட்டான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே ஓடினாள்.

ராம்சங்கருக்குப் பொறி தட்டியது. மாரிசெல்விக்கு வைகாசியில்தானே கல்யாணம்! இன்றைக்கு ஆடி ஒன்று. இவள் மட்டும் புருஷனோடு தோசை தின்கிறாள்!

"பார்த்தியா ஸ்ருதி, ஊருக்குத்தான் உபதேசம்! வரட்டும் அந்தம்மா. தெருவைக் கூட்டி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறேன்."

சாயங்காலம் ஒரு கார் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து பிச்சம்மாள் இறங்கினாள். காத்திருந்தவன் பாய்ந்து போனான்.

"வாங்கக்கா, வாங்க! முறை எல்லாம் எங்களுக்கு மட்டும்தானோ? உங்க மருமக..."

அதற்குள் பின்கதவு திறந்தது. பூவும் பழமும் வைத்த பையோடு இன்னொரு அம்மாள் இறங்கினார்.

"அம்மா!" என்று ஸ்ருதி அலறிவிட்டாள்.

அம்மா வித்யாலட்சுமி உடனே மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. விறைப்பாகத்தான் நின்றார்.

"நானா ஒண்ணும் வரலை. இந்தம்மா நடுவீட்ல வந்து உக்காந்துக்கிட்டு, 'கல்யாணத்துக்குத்தான் வரலை, தலை ஆடிக்கும் மகளை அழைக்காட்டா ஊரு ஒங்க தலையை உருட்டாதா?'னு ஒரே ரகளை. முறைன்னு ஒண்ணு இருக்கே, அதுக்காக வந்தேன்" என்றவர், மகளை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டி இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று மகளின் கன்னத்தைத் தடவினார்.

அப்புறம் என்ன, தாயும் மகளும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வித்யாலட்சுமி திரும்பினார். "ஆடி முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போங்க, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை! ராம்சங்கர் அந்தச் சொல்லைக் கேட்பது இதுதான் முதல் தடவை. ஸ்ருதியின் பெட்டியை அவனே தூக்கி வந்து காரில் வைத்தான்.

கார் தெரு முக்கைத் தாண்டியது. ராம்சங்கர் பிச்சம்மாளின் பக்கத்தில் வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"இருந்தாலும் ஒண்ணு கேக்கணும்க்கா. உங்க மருமகளை மட்டும் ஏன் ஆடிக்கு அனுப்பலை?"

"அவளையா?" என்று பிச்சம்மாள் சிரித்தாள். "அவ ஆத்தா குருவிகுளத்துலருந்து நெனச்ச நேரம் பஸ் ஏறி வந்து மகளைப் பாத்துட்டுப் போறா. அவளுக்கு எதுக்குத் தம்பி ஆடி?"